ஒற்றைப் பிள்ளையின் ஐந்து அண்ணன்மார்

அன்ரனெற்றுக்கு வாய் சும்மா இராது. இருபத்திரண்டு வருடம் தையல் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்துப் பழகியவர். தொழிற்சாலையை மூடிய பிறகு, புலம்பெயர்ந்து குடியிருந்த டோர்செட் பார்க் பகுதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அகதி விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, மொழிபெயர்ப்புச் சரியா என்று பார்க்கவேண்டும். வாயே திறக்கத் தேவையில்லாத வேலை. ஆனாலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியோடு சண்டை பிடிப்பார். "அந்தாள் அப்பிடியே சொன்னது? காதில என்ன பஞ்சே?" முன்னறையில் காத்திருப்பவர்கள் வெருண்டுபோய் எட்டிப் பார்ப்பார்கள்.

போன மாரியில் சீமோனின் கோப்பு வந்தது. ஊரில், குருநகர்க் கரையில் படகு எஞ்சின் திருத்தியவர். உயிருக்குப் பயந்து ஓடிவந்து கேட்ட அடைக்கலத்தை மறுத்துவிட்டார்கள். காரணத்தை, இங்கேயே பிறந்து வளர்ந்த சட்டத்தரணி அட்சயா விளக்கினாள்.

"அன்ரி, ஃபோர்மில ஒரே பிள்ளை எண்டு இருக்கு. ஹியரிங்கில ஐஞ்சு பிரதர்ஸாம். ஒரு பிரதர் வெருட்டினவர், இன்னொரு பிரதர் ஒளிச்சு வைச்சவர். சோ, இது ஃபமிலி ஃபைட்டாம்."

அன்ரனெற் ஒலிப்பதிவைப் போட்டார். கடைக்காரரைச் சீமோன் 'கடை அண்ணை' என்றார்; மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் 'என் மூத்த சகோதரர்' என்றார். வான் ஓட்டிய அண்ணையும் சகோதரர். மீன் ஏலம் கூறுகிற அண்ணையும், ஒளித்து வைத்த அண்ணையும், வெருட்ட வந்த அண்ணையும் சகோதரர். ஆங்கிலம் தெரியாத சீமோன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் நீதிபதி அம்மா, "உனக்கு எத்தனை சகோதரர்கள்?" என்று கேட்டார். "எனக்கு ஒருத்தரும் இல்லை" என்று சீமோனின் மெல்லிய குரல். அன்ரனெற் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

சீமோனைக் கூப்பிட்டார். "வெருட்ட வந்தவனையும் ஏன் காணும், 'அண்ணை' எண்டனீர்?"

சீமோன் நெளிந்தார். "என்னைவிட மூத்த ஆள் எல்லே, அக்கா. பேரும் தெரியாது. அவன் இவன் எண்டு சொன்னா அந்த அம்மா என்னைப் பற்றி என்ன நினைப்பா?"

மேன்முறையீட்டுக்கு, அண்ணை என்றால் கூடப்பிறந்தவர்தான் என்றில்லை எனச் சத்தியக்கடதாசி எழுதவேண்டும். அன்ரனெற் ஒருநாள் முழுக்கத் தான் யார் யாரை அண்ணை என்று கூப்பிட்டார் என்று குறித்தார். பஸ் ஓட்டுநர், மீன் வெட்டுபவர், பனி அள்ளுபவர் என்று பதினான்கு பேர். 'இவ்வளவு பேரையும் பெற்றிருந்தால் என் தாய் கட்டிலைவிட்டு எழும்பியிருக்கவே மாட்டார்' என்றும் எழுதினார். அந்த வரியை மட்டும் அட்சயா வெட்டிவிட்டாள்.

நான்கு மாதத்தில் பழைய தீர்ப்பு ரத்தானது. வேறொருவர் முன் புது விசாரணை. 'அண்ணை' என்று சொல்லவேண்டாம் எனச் சீமோனுக்குச் சொல்ல அன்ரனெற்றுக்கு நாக்குத் துடித்தது. "அன்ரி, சொல்லிக் குடுக்கக் கூடாது!" என்று அட்சயா தடுத்தாள். சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. அண்ணை என்ற சொல்லுக்கே பயந்துவிட்ட சீமோன், வெருட்டியவனைக்கூட 'அந்த மதிப்புக்குரிய நபர்' என்றே கடைசிவரை சொன்னார்.

ஆனி மாதம் கடிதம் வந்தது. அன்ரனெற் அதை முன்னறை முழுக்கக் கேட்க ஆங்கிலத்தில் ஒருதரம், தமிழில் இரண்டுதரம் வாசித்தார். அடைக்கலம் கிடைத்துவிட்டது. சீமோன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார். ஊரிலுள்ள மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிடும் விண்ணப்பத்தை அட்சயா மேசையில் வைத்தாள். சீமோனின் பேனா எழுதவில்லை. அன்ரனெற் தன்னுடையதை நீட்டினார்.