கெட்டிமேளம் கொட்டிய நேரம்

தீ என்றதும் ஜனங்கள் ஓடுவார்கள் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்ததில்லை. நான் தேர்வாய் கண்டிகையில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். அங்கே மணி அடித்தால் வெளியே போய் வரிசையில் நிற்கப் பழக்கியிருக்கிறார்கள். மண்டபத்தில் யார் பழக்குவது?

கும்மிடிப்பூண்டியில் என் சின்னம்மாவின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். சித்தப்பா போய்ச் சேர்ந்ததிலிருந்து சின்னம்மா எந்த நல்ல காரியத்திலும் எதிரே வந்ததில்லை. பெற்ற பெண்ணுக்குத் தாலி ஏறும் நேரத்திலும் மாடி அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"கீழ வாயேன், சின்னம்மா."

"போடி. மாப்ள ஊட்டுக்காரங்க இன்னா நெனைப்பாங்க?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

தாலியை எடுக்கப்போகும் சமயம், பந்தி பரிமாறுகிறவர் ஒருவர் மாடிப்படியில் ஓடி வந்து, "நெருப்பு, மேல நெருப்பு" என்று கத்தினார். மாடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்து ஏசி பற்றிக்கொண்டதாம். மணவறையில் அந்தச் சொல் விழலாமா? மாப்பிள்ளையின் பெரியப்பா விரலை ஆட்டினார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்." தும்மலும் அழுகையும் கெட்ட சொல்லும் காதில் விழாமல் இருக்கத்தானே அது? தவில்காரர் வெளுத்து வாங்கினார். கத்தியவரின் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. நாங்கள் அட்சதை போட்டோம்.

மேளம் ஓய்ந்தபோது புகை கீழ்க் கூடத்துக்குள் இறங்கியிருந்தது. அப்புறம்தான் ஓட்டம். பின்பக்கம் வெளியே போகும் சமையல்கட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வந்த வாசலிலேயே அத்தனை பேரும் முட்டிமோதினார்கள். ஒருத்தர் குனிந்து தன் செருப்பைத் தேடினார். ஒருத்தி சீர்வரிசைத் தட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். நான் மாடிக்கு ஏறப் பார்த்தேன். பாதிப் படிக்கு மேல் கண் தெரியவில்லை. யாரோ பின்னால் இழுத்துப் போட்டார்கள்.

சின்னம்மாவைத் தீ தொடவேயில்லை. கொன்றது புகைதான். படித் திருப்பத்தில் சுவரோரமாகக் கிடந்தாளாம்.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெரியப்பா, "நல்லவேள, தாலி ஏறிட்ச்சு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தி பரிமாறியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஓடி வரும்போது படித் திருப்பத்தில் அவளைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்தாராம். உதறிவிட்டாளாம்.

"தாலி ஏறட்டும் நைனா. இப்ப நான் எதுர்ல வரக்கூடாது. நீ போய்ச் சொல்லு, மேளம் நின்னதும் வந்துர்றேன்."

இதை அவள் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை.