துடைப்பம் வளைந்த இடம்

செவிலிமேட்டுக் குப்புசாமிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் தில்லையம்மாளை ஓரிக்கையில் கொடுத்தார். நடுவிலவள் பத்து வயசில் அம்மை கண்டு போய்விட்டாள். கடைசிப் பெண்தான் ரேணுகாம்பாள். அவளை அத்தை மகன் ராமராஜனுக்கே கட்டிவைத்தார்கள். கல்யாணமான மூன்றாம் வருஷம் பம்பாய்க்கு வேலைக்குப் போகிறேன் என்று ரயில் ஏறினான், அவ்வளவுதான். பிள்ளையும் இல்லை. அக்காள் வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? சின்னக் காஞ்சிபுரத்தில் பாச்சா சாமி வீட்டில் பெருக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தாள். அது எழுபதாம் வருஷம். தோட்டத்து மூலையில் ஓடு போட்ட அறை ஒன்று சும்மா கிடந்தது. அதில் இருந்துகொள்ளச் சொன்னார்கள். அந்த அறையை விட்டால் உலகத்தில் அவளுக்கு என்று ஒரு மூலை கிடையாது.

பாச்சா சாமி பள்ளிக்கூட வாத்தியார். மனைவி பூமா அம்மாள். அச்சுத், ஸுபத்ரா என்று இரண்டு பிள்ளைகள். வீடு அவருடைய கொள்ளுத் தாத்தா கட்டியது. இரண்டு முற்றம், உத்தரமெல்லாம் கிளியும் கொடியும். மெட்ராஸில் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் டேப் கொண்டுவந்து தூண் தூணாக அளந்து வரைந்துகொண்டு போவார்கள். வீட்டைக் கட்டின தச்சர்களே மிச்சத் தேக்கில் கட்டில், ஊஞ்சல், அலமாரி, கண்ணன் படத்துக்குப் பீடம் எல்லாம் கூடத்திலேயே உட்கார்ந்து செய்தார்களாம். வைத்த இடத்தை விட்டு ஒன்றும் நகர்ந்ததில்லை.

பூஜை, மடி எல்லாம் முடிந்து, வாத்தியாரும் பிள்ளைகளும் வெளியே போன பிறகு, உச்சி வேளையில்தான் ரேணுகாம்பாள் உள்ளே வரலாம். வந்த அன்றைக்கே பாச்சா சாமி சொல்லிவிட்டார்.

“துடைப்பம் சாமான் மேல படப்படாது. மனுஷா மேலயும் படப்படாது. எதுவானாலும் ஒரு சாண் தள்ளிப் பெருக்கு. மிச்சத்தை நாங்க துணியால துடைச்சுக்கறோம்.”

அப்படியே பெருக்கினாள். கட்டிலைச் சுற்றி ஒரு வளைவு, அலமாரியைச் சுற்றி ஒரு வளைவு. முதல் மாசம் கண் பார்த்துப் பெருக்கியது. அப்புறம் கை தானாகப் பழகிக்கொண்டது.

எண்பத்தொன்றில் பூமா அம்மாள் காலில் நீர் கோத்துச் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்லவில்லை. தொண்ணூற்றாறு தை மாசம் பாச்சா சாமியும் போனார். பெங்களூரில் இருந்த அச்சுத் வந்தான். “பூட்டி வெச்சா செல்லரிச்சுடும்” என்று, சாமான்களை மட்டும் மெட்ராஸ் பழஞ்சாமான் வியாபாரி ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டான். லாரி வந்தது. சாயங்காலத்துக்குள் கூடம் காலி. சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. சாவியை ரேணுகாம்பாளிடம் கொடுத்து, “தினம் பெருக்கி வை” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் உச்சியில் அவள் பெருக்க ஆரம்பித்தாள். பாதிக் கூடம் வந்த பிறகுதான் கவனித்தாள். துடைப்பம் நேராகப் போகவில்லை. கட்டில் இல்லாத இடத்தில் கட்டிலைச் சுற்றிப் போயிருந்தது. சிரிப்புத்தான் வந்தது. “இன்னாடி இது, கூறு கெட்டவளே” என்று தன்னையே திட்டிக்கொண்டு, வளைவுக்குள் துடைப்பத்தை நீட்டினாள். தோள் வரைக்கும் கை மரத்துப்போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது. அப்புறம் அவள் நீட்டிப் பார்க்கவேயில்லை.

தோட்டத்துப் பூனை ஒன்று முற்றத்தில் இறங்கி வரும். அதுவும் கூடத்தில் குறுக்கே போகாது. அலமாரி இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.

தொண்ணூற்றொன்பதில் தனசேகரன் வீட்டை வாங்கினார். மெட்ராஸ்காரர், என்ஜினீயர், பழைய வீடென்றால் உயிரை விடுகிற மனுஷன். சாவி வாங்க வந்த அன்றைக்கு ரேணுகாம்பாள் பெருக்குவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏம்மா, ஏன் இப்படிப் பாம்பு போற மாதிரி பெருக்குறீங்க?”

“சாமான் கீதே சார்” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இருந்திச்சு. கை அப்பிடிப் பழகிப்போச்சு.”

அவர் குனிந்து கடப்பைக்கல் தரையைத் தொட்டுப் பார்த்தார். “வளைவுக்குள்ள நீங்க பெருக்குறதே இல்லையே. மூணு வருஷத் தூசு எங்கம்மா?”

அப்போதுதான் அவளும் பார்த்தாள். வளைவுக்கு உள்ளே கல் கருகருவென்று, இப்போதுதான் யாரோ துணியால் துடைத்த மாதிரி இருந்தது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

தனசேகரன் பயப்படுகிற ஆளில்லை. சாக்பீஸ் வாங்கி வந்தார். அவள் பெருக்கப் பெருக்க, பின்னாலேயே தவழ்ந்துகொண்டு துடைப்பம் போன வழியில் கோடு போட்டார். “சாமான் இல்லாத இந்த வீடு வெறும் கூடுதாம்மா. ஒண்ணு விடாம தேடிக் கொண்டாந்து அதது எடத்துல வைக்கப் போறேன். எது எங்கன்னு உங்க கைக்குத்தான் தெரியும். நீங்க பின்னாடி ரூம்லயே இருங்க, கடைசி வரைக்கும் உங்கள யாரும் கெளப்ப மாட்டாங்க.”

அந்த வார்த்தையைக் கேட்டு அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடுதலாகத் தின்றாள்.

வியாபாரியின் கிடங்கில் சாமான் எல்லாம் விலை போகாமல் கிடந்தது. ஆனால் அளந்து பார்த்தால் கோட்டுக்கும் சாமானுக்கும் பொருந்தவில்லை. “ஒரு சாண் தள்ளி சார், சாமி உத்தரவு” என்றாள். சாண் கழித்துப் பார்த்தார்கள். நூல் பிசகாமல் பொருந்தியது. கட்டில் வந்தது, ஊஞ்சல் வந்தது, பீடத்தோடு கண்ணன் படம் வந்தது. ஒவ்வொன்றும் அதன் இடத்தில் உட்கார உட்கார, அதன் அடியில் மற்ற வீடுகளைப் போலத் தூசு படிய ஆரம்பித்தது. ரேணுகாம்பாளுக்கு மூச்சு வந்தது.

பதினாலு சாமானும் வந்துவிட்டன. அச்சுத் அனுப்பிய பட்டியலிலும் பதினாலுதான். தரையில் கோடு மட்டும் பதினைந்து.

பதினைந்தாவது கோடு உள்முற்றத்துச் சுவரை ஒட்டி இருந்தது. சின்னது. சுவர் ஓரம் அகலம், வர வர ஒடுக்கம். அங்கே என்ன இருந்தது என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியவில்லை. கை மட்டும் ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

வீட்டைப் பார்க்க ஸுபத்ரா வந்தாள். கோட்டைப் பார்த்தாள்.

“இங்க ஒண்ணும் இருந்ததில்லையே. எனக்குத் தெரியாம எங்காத்துல என்ன சாமான்?” என்றவள் திரும்பி ரேணுகாம்பாளைப் பார்த்தாள். “அம்மாவோட கூறைப்புடவைப் பெட்டியை மூணு வருஷமா தேடிண்டிருக்கேன். சின்னப் பெட்டி. கையில தூக்கிண்டு போயிடலாம். சாவி உன்கிட்டதானே இருந்தது?”

“நான் இன்னாத்துக்குமா அத்த எடுக்கப் போறேன்? எனக்குக் கூறைப்புடவ ஒண்ணுதான் கொறச்சலா?”

“அப்ப இங்க என்ன இருந்ததுன்னு சொல்லு. உன் கை சொல்றது, வாய் சொல்ல மாட்டேங்கறதே!”

அந்தப் பெட்டி அச்சுத் வீட்டுப் பரணில்தான் இருந்தது. அது வெளியே வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? தனசேகரன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “நான் நம்பலம்மா. ஆனா அவங்க போலீஸ் வரைக்கும் போவேன்றாங்க. வெள்ளிக்கிழமை திரும்ப வராங்க. அதுக்குள்ள ஞாபகப்படுத்திப் பாருங்க. இல்லேன்னா உங்கள இங்க வெச்சிக்க முடியாது.”

முப்பது வருஷம் ஒரு குண்டூசி எடுக்காதவள். அவள் கையே அவளைத் திருடி என்று காட்டிக் கொடுத்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை வெள்ளை அடிக்கிற அந்தோணி உள்முற்றத்திலிருந்து கத்தினான். “அக்கா, இங்க வந்து பாருக்கா! நாலு வாட்டி அட்ச்சிட்டேன். இந்த ஒரு எடத்துல மட்டும் சுண்ணாம்பு நிக்க மாட்டேங்குது.”

போய்ப் பார்த்தாள். பதினைந்தாவது கோட்டுக்கு நேர் மேலே, இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, சுவரில் தேங்காய் அளவுக்கு ஒரு வட்டம். மஞ்சளும் கறுப்புமாக ஈரத்தோடு மினுங்கியது.

“ஓதமா இருக்கும்பா.”

“ஓதம் இப்பிடி மணக்குமாக்கா?”

குனிந்து மோந்தாள். வெந்தயம் போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். பதினெட்டு வருஷம் மூடிக்கிடந்தது அந்த மணத்தில் திறந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை உச்சியில் ஸுபத்ரா வந்தாள். தனசேகரனும் நின்றார். ரேணுகாம்பாள் சுவரைக் காட்டினாள்.

“பொட்டி இல்லமா. உங்க அம்மா.”

“என்ன உளர்றே?”

“நீங்க இஸ்கூலுக்குப் போயிடுவீங்க, சாமியும் போயிடும். அம்மா இங்கதான் செவுத்துல தலைய சாச்சி, கால நீட்டிக்கினு குந்திக்கினு இருப்பாங்க. கால் அம்மாம் வீக்கம். நான் சுத்திப் பெருக்கிக்கினு போவேன். பதினோரு வருசம்மா. வேற யாரும் பாத்ததில்ல.”

ஸுபத்ரா கோட்டுக்குள் காலை வைத்து இறங்குவது போல இறங்கி உட்கார்ந்தாள். முதுகைச் சாய்த்தாள். தலை சுவரின் வட்டத்தில் போய்ச் சரியாகப் பதிந்தது. காலை நீட்டினாள். குதிகாலுக்கும் கோட்டுக்கும் நடுவே தனசேகரன் கையை விரித்து வைத்துப் பார்த்தார். ஒரு சாண்.

ஸுபத்ரா கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தடவி, விரலை மூக்கருகே வைத்தாள். விரல் பளபளத்தது. “அம்மா எண்ணெய்” என்றாள். “உன்னைத் தப்பா பேசிட்டேன் ரேணுகா. நீ எங்கயும் போக வேண்டாம்.”

ரேணுகாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலை அப்படியே கிடந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஸுபத்ரா இன்னும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

“கொஞ்சம் எந்திரிம்மா, பெருக்கிடறேன்.”

“என்னை எழுப்பாதடி. சுத்திப் பெருக்கிட்டுப் போ.”

ஸுபத்ரா ஒரு நாளும் அவளை ‘டி’ போட்டுப் பேசியதில்லை. பூமா அம்மாள்தான் தினம் அப்படிச் சொல்லுவாள், அதே வார்த்தை, அதே இழுப்பு. அதை ரேணுகாம்பாள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் ஒரு சாண் தள்ளி, துடைப்பம் படாமல், சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.