கேட்க வேண்டியவர் வராத ஞாயிறு

போன மாதம் எனக்கு மூத்த குடிமக்கள் வகுப்பில் இடம் கிடைத்தது. கோவைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில், பணி ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஒரு கற்றல் வட்டம் நடத்துகிறார்கள். மகள்தான் சேர்த்துவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்காமல் எங்கேயாவது போய் வா என்பதை இவ்வளவு நாகரிகமாகவும் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஏசி அறை, சாய்ந்துகொள்ள நாற்காலி, கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பெயர் போட்ட அட்டை. "வாங்க ஆன்ட்டி" என்று ஒரு பெண் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்கொன்றும் அவ்வளவு வயதாகிவிடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனதால்தானே சேர்த்துக்கொண்டார்கள் என்று அடங்கிவிட்டேன்.

பாடம் எடுத்தவர் பலகையைத் துடைக்க மேஜைமேல் இருந்த ஒரு துணிப் பந்தை எடுத்தார். பனியன் வேஸ்ட். திருப்பூர் கம்பெனிகளில் துணி வெட்டும்போது மிஞ்சுகிற துண்டுகள். மஞ்சளும் கறுப்பும் ரோஸுமாகச் சுருண்டு கிடக்கும். முன்வரிசையில் இருந்த எனக்கு அந்தப் புதுத்துணி வாசனை வந்தது. அதற்குப்பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் கரும்பலகையையும் இந்த வேஸ்டால்தான் துடைத்தோம். அப்போது நான் வரலாற்று விரிவுரையாளர், வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் பல்கலைக்கழகத்தின் விரிவாக்க மையம் ஒன்று திருப்பூரில், முதலிபாளையம் போகிற சாலையில், ஒரு பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு ஞாயிறு காலை வகுப்பு நடத்தலாம் என்று மேலே யாருக்கோ யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமையைத் தியாகம் செய்ய மற்றவர்கள் யாரும் தயாராக இல்லாததால் வேலை என் தலையில் விழுந்தது. அலுவலகம் இதை எழுத்தறிவுத் திட்டம் என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்டு சிலேட்டும் அரிச்சுவடியும் அனுப்பி வைத்தது. வந்திருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். அவர் சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரனுக்கு ஆகுமுங்க" என்று பையில் போட்டுக்கொண்டார்.

நான் ரோமப் பேரரசைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டு போயிருந்தேன். எவ்வளவு அப்பாவி பாருங்கள். பாதிப் பேரரசைத் தாண்டுவதற்குள் ஒருவர் கையைத் தூக்கி, "டீச்சரம்மா, அந்த ராஜாவெல்லாம் இருக்கட்டுங்க. டாலர் ஏறுனா நூல் வெல எதுக்குங்க ஏறுது?" என்றார். அடுத்த வாரம் பொருளாதாரத்துக்காரர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். மடத்துக்குளத்திலிருந்து பஸ் ஏறி வருகிற விவசாயி ஒருவருக்குக் கோள்கள் மேல் ஆசை. செவ்வாய் கிரகம் பற்றிச் சொன்ன அன்று அவர் கேட்ட கேள்வி இன்னும் நினைவிருக்கிறது: "அங்க தண்ணி இருக்குதான்னு போர் போட்டுப் பாத்துட்டாங்களா?" சிரிக்காமல் பதில் சொல்லப் பாடுபட்டேன். வயல் காய்ந்த மனிதருக்கு அது வேடிக்கைக் கேள்வி இல்லை என்பது பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது.

கேள்வி என்றதும் ஆரோக்கியம்மாள் வந்துவிடுகிறார். எங்கள் வகுப்பில் ஒரே ஒரு கேள்வியோடு வந்து சேர்ந்தவர் அவர்தான்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை பார்க்கிற வேலை. பார்த்துப் பார்த்துக் கண் மங்கி வேலையை விட்டு நின்றுவிட்டார். ஞாயிறு முதல் பூசை முடித்து, தலைமுக்காட்டை இறக்கிவிட்டு நேராக வகுப்புக்கு வருவார். கடைசி பெஞ்சில் உட்காருவார். அவர் வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி நாச்சிமுத்து ஐயாவும் எங்கள் மாணவர். தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, பொழுது போகாமல், வெள்ளை வேட்டியும் அம்பாசிடர் காருமாக வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். நூற்கண்டு சுமந்து முன்னுக்கு வந்தவர். பள்ளிக்கூடம் போகாத ஏக்கம் அவருக்கு நிறைய இருந்தது. டாலரைப் பற்றிக் கேட்டது அவர்தான்.

அவர் உள்ளே நுழைந்தால் ஆரோக்கியம்மாள் எழுந்து நின்றுவிடுவார். இங்கே எல்லோரும் மாணவர்கள், யாருக்கும் யாரும் எழ வேண்டியதில்லை என்று நான் பலகையிலேயே எழுதிப் போட்டேன். பயனில்லை. "ஏம்மிணி, எதுக்கு எந்திரிக்கறே? உக்காரு" என்று அவரும் சொல்லிப் பார்த்தார். முட்டிவலிக்காரி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுவார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஐயா எல்லோருக்கும் முன்னதாகவே வந்து உட்கார ஆரம்பித்தார். முதலாளி வந்து காத்திருக்க நாம் பின்னால் வருவதா என்று ஆரோக்கியம்மாள் பூசை முடிவதற்குள் எழுந்து வர ஆரம்பித்தார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க வரும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு தூணோரம் நின்றுகொண்டிருப்பார்களாம். "இவீங்களுக்கு வகுப்பு நடத்தறதுக்கு நான் ஊட்டுக்கே போவாம இங்கயே படுத்துக்கலாம்" என்று வாட்ச்மேன் என்னிடம் குறைபட்டார். அதையெல்லாம் நான் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் டீ இடைவேளையில் ஆரோக்கியம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அவருக்குச் செல்வமேரி என்று ஒரு தங்கை. வயதில் மிக இளையவள், தாய் போனபின் இவர் தூக்கி வளர்த்தவள். அதே கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எண்பதுகளில் ஊரையே நிறுத்திப்போட்ட அந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் அக்காவும் தங்கையும் ஒன்றாகத்தான் பந்தலில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தங்கையை எடுக்கவில்லை. ஆட்களைத் தூண்டிவிட்டவள் என்று யாரோ அவள் பெயரை நிர்வாகத்திடம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு. அக்காதான் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுத்துவிட்டாள் என்று தெருவே பேசியது. தங்கையும் அதைச் சொல்லித் திட்டிவிட்டு, சோமனூருக்குத் தறி வேலைக்குப் போய் அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"முதலாளி இங்க படிக்க வர்றாருன்னு கேள்விப்பட்டுத்தானுங்க நானும் வந்தன். கம்பெனில கேக்க முடியாதுங்க. ஊட்டுக்குப் போனா கேட்லயே நிறுத்திப்போடுவாங்க. இங்கீன்னா ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்திருக்கறமே, கேட்டுப்போடலாம்னு பாத்தன். எந்தங்கச்சி பேர யாருங்க குடுத்தாங்கன்னு ஒரே ஒரு வார்த்த."

"நான் வேண்டுமானால் கேட்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாமுங்க டீச்சரம்மா. நாந்தான் கேக்கோணும். நாலு பேரு இருக்கறப்பக் கேக்கோணும். நாலு பேரு முன்னாடித்தான என்னையப் பேசுனாங்க."

எதைப் படிக்கத்தான் மனிதர்கள் வகுப்புக்கு வருகிறார்கள்! அதற்குமேல் எனக்கு அந்தத் தூணோர நிற்றல் சிரிப்பாக இல்லை.

வாரங்கள் போயின. அவர் வாயைத் திறப்பார், ஐயா திரும்பிப் பார்ப்பார், வாய் மூடிக்கொள்ளும். அந்த ஆண்டு நாங்கள் ஒரு புது முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர், தன் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு வருடத்தைப் பற்றி உட்கார்ந்தபடியே பேச வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும், பிறகு கேள்வி. போஸ்ட் மாஸ்டர் தன் முதல் வேலை வருடத்தைப் பற்றிப் பேசிப் பேசி மதியச் சோற்றைத் தாண்டிவிட்டார். ஆரோக்கியம்மாள் முறை வந்தபோது எந்த வருடம் என்று கேட்டேன். எல்லோர் முன்னாலும், ஐயா பக்கம் பார்க்காமல், "ஸ்ட்ரைக் வருசமுங்க" என்றார். எல்லோரும் ஐயா பக்கம் திரும்பினார்கள். அவர் தலையை ஆட்டி, "பேசட்டும், பேசட்டும். நல்லா பேசட்டும்" என்றார்.

அந்த ஞாயிறு ஆரோக்கியம்மாள் பண்டிகை நோம்பிக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்திருந்தார். வகுப்பு நிறைந்திருந்தது. முதல் பெஞ்சில் ஐயா இடம் மட்டும் காலி. நேரமாக ஆக நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார், கையில் ஒரு பெரிய தூக்குப் போசி நிறைய எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம்.

"ஐயா வர்லீங்க. தானிருந்தா அந்தம்மா வாய் தொறக்காது, கூச்சமில்லாம எல்லாத்தையும் பேசட்டும்னு சொன்னாருங்க. இத எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாரு."

எவ்வளவு நல்ல மனது என்று வகுப்பே மெச்சியது. போஸ்ட் மாஸ்டருக்குக் கண்கூடக் கலங்கியது. ஐயா முன்பு எல்லோருக்கும் முன்னதாக வந்து உட்கார ஆரம்பித்ததும் இதே மரியாதையில்தான். தன் மேல் வருகிற குறையைத் தன் முன்னால் சொல்ல ஆரோக்கியம்மாள் சங்கடப்படக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இந்த ஊர் மனிதர்களுக்கு மட்டுமே வருகிற நினைப்பு அது. அந்த அம்மாவுக்கு அவர் காதுதான் வேண்டியிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஆரோக்கியம்மாள் பேசினார். பந்தலில் கஞ்சி காய்ச்சியது, மழையில் பந்தல் சரிந்தது, பாட்டுக் கட்டிப் பாடியது எல்லாம் சொன்னார். கைதட்டினார்கள். தங்கை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. முடித்துவிட்டுக் கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போனபின், "அடுத்த வாரம் வருவாருங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் ஐயா வரவில்லை. நெஞ்சுவலி என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து திரும்பவே இல்லை. இழவு வீட்டு வாசலில் கார்கள் நின்ற வரிசையில், கூட்டத்தோடு கூட்டமாக நானும் ஆரோக்கியம்மாளும் போனோம். அந்தக் கேட்டுக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் நான் சொன்னேன், சோமனூர் போய்த் தங்கையிடம் நானே பேசுகிறேன் என்று.

"நீங்க சொன்னா அவ நம்புவாளுங்களா? குடுத்தது நானில்லைன்னு அவரு வாயில வரோணும். அந்த வாய் மண்ணுக்குள்ள போயிருச்சு. உடுங்க."

விட்டுவிட்டேன். கொஞ்ச காலத்தில் நிதி இல்லையென்று மையத்தையும் மூடினார்கள். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. நானும் ஆரோக்கியம்மாளும் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தோம், பிறகு போன், பிறகு எப்போதாவது போன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆரோக்கியம்மாள் போய்ச் சேர்ந்த செய்தி வந்து ஓடினேன். கல்லறையிலிருந்து எல்லோரும் கலைந்தபின் ஒரு வயதான பெண் என் பக்கத்தில் வந்து, "நீங்கதான் வகுப்பு டீச்சரம்மாங்களா? நான் தங்கச்சி, செல்வமேரி" என்றார். அக்காவின் அதே நெற்றி. எனக்குத் தாளவில்லை. கொட்டிவிட்டேன். உங்கள் அக்கா உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று முதலாளி வாயால் சொல்ல வைக்கத்தான் அவர் வகுப்புக்கே வந்தார் என்றேன்.

அவர் கையசைத்து என்னை நிறுத்தினார்.

"பேரு குடுத்தது மேனேஜருங்க. அவரு சொந்தக்காரப் புள்ளைக்கு எம்பட வேலை வேணும்னு குடுத்தாரு. சோமனூர் போன மறு வருசமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"பிறகு ஏன் அக்காவிடம் சொல்லவில்லை?"

"எந்த மொகத்த வச்சுக்கிட்டுங்க போவன்? அத்தன பேச்சுப் பேசிப்போட்டன். அவளும் எம்பட ஊட்டுப் பக்கம் வர்ல. கோவம் ஆறலையாட்ட இருக்குது, ஆறுனா அவளே கூப்புடுவான்னு இருந்துட்டன்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அவ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க."

திரும்பும் வழியில் முதலிபாளையம் சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஓட்டுக் கட்டடம் இருந்த இடத்தில் வடக்கத்திப் பையன்கள் தங்குகிற மூன்று மாடி விடுதி நிற்கிறது. மாடி நெடுகப் பனியன்கள் காய்ந்துகொண்டிருந்தன, யாரோ இந்தியில் போன் பேசிக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் தொழிலாளியும் கூலியைப் பற்றி அல்லாமல் வேறு எதற்காகவாவது ஒரே அறையில் உட்கார்கிற இடம் இந்த ஊரில் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது இருந்தது. இருந்தும் நாங்கள் முதல் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். சோமனூர் ஒரு பஸ் தூரம். ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை செல்வமேரியை வரச்சொல்லி அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கலாம். அவருக்கு வகுப்பில் சேர்கிற வயது ஆகியிருக்கவில்லைதான். ஆனாலும் சேர்த்திருப்பேன்.