பைன் காய்க்கு அடியில் என் பெயர்

கொடைக்கானல் காட்டில் பொறுக்கிய பைன் காய்களுக்குச் சாயம் பூசி, எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் செலவில்லாமல் மேசை அலங்காரம் செய்வது நான். "எல்லாம் நாந்தேன் செஞ்சேன்" என்று பெயர் வாங்குவது என் நாத்தனார்.

என் மகளின் வளைகாப்பில் பழிதீர்க்க நினைத்து, நாத்தனார் உட்காரும் மேசையில் மட்டும், பட்டால் தடித்து எரியும் செந்தட்டி இலையைத் துணியால் பிடித்துக் காய்களுக்கிடையே செருகினேன். அழகாயிருக்கிறதே என்று அதை எடுக்கப் போனது என் மகள்! "தொடாத தாயி!" என்று பாய்ந்து பிடுங்கினேன். ஒரு வாரம் என் கைதான் எரிந்தது.

இப்போது செந்தட்டியைத் தேடுவதில்லை. ஒவ்வொரு காயின் அடியிலும் என் பெயரை எழுதிவிடுகிறேன். நாத்தனார் மகனின் நிச்சயதார்த்தத்தில் அவள் பீற்றிக்கொண்டிருக்கும்போதே, பெண்ணின் அம்மா ஒரு காயைத் திருப்பிப் பார்த்து, "மகேஸ்வரின்னு எழுதியிருக்கே, அது யாருங்க?" என்றார். "நாந்தேங்க" என்று முன்னால் போய் நின்றேன். என் கை எரிச்சல் அன்றுதான் அடங்கியது.