சம்பந்தியோடு மலையேறிய செவ்வாய்க்கிழமை

என் மகளின் மாமியாரை முதல் ஆறு மாதம் நான் பட்டுப்புடவையில் மட்டுமே பார்த்திருந்தேன். அவரும் என்னை அப்படித்தான். இரண்டு பேருக்கும் அவ்வளவு மரியாதை. கல்யாண மண்டபத்துக்கு என்ன நிறத்தில் திரை கட்டுவது என்று கேட்டபோது, "நீங்க சொன்னா சரி சம்மந்தி" என்றேன். "இல்ல சம்மந்தி, நீங்க சொன்னாத்தான் சரி" என்றார் அவர். மூன்று வாரம் இப்படியே போய், கடைசியில் அலங்காரக்காரரே பொறுமையிழந்து ஊதா நிறத்தில் கட்டிவிட்டார். இரண்டு பேருக்குமே ஊதா பிடிக்காது. இரண்டு பேருமே "அருமை" என்றோம்.

கல்யாணம் முடிந்து புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது, கார் நிறுத்தும் இடத்தின் சுவரில் ஒரு சிவப்பு ரோடு சைக்கிள் மாட்டியிருந்தது.

"மாப்பிள்ளையோடதா சம்மந்தி?" என்று கேட்டேன்.

அவர் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "இல்ல... என்னுதுதான்" என்றார், திருடி மாட்டிக்கொண்டவர் போல.

எனக்கு நெஞ்சு குதித்தது. ஏனென்றால் என் வீட்டிலும் ஒன்று இருந்தது. சர்க்கரை கூடுகிறது, நடங்கள் என்று கிளினிக் டாக்டர் சொன்னார். நடப்பது எனக்குச் சலிப்பு. அதனால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை முடிந்ததும், செம்பனைக் காட்டுக்கு நடுவில் போகும் தார் ரோட்டில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஐம்பத்துமூன்று வயதில் கடுகளவுகூட எனக்கு வெட்கமில்லை. ஆனால் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன். அவர் கண் விரிந்தது. "அப்ப ஒரு நாள் சேர்ந்து போலாமே சம்மந்தி? பிரேசர் மலைக்குப் போற பழைய ரோடு இருக்கே, வேலை நாள்ல காரே வராது. கேப்னு ஒரு கணவாய் இருக்கு, அது வரைக்கும் ஏறிட்டு எறங்கலாம்."

"நீங்க சொன்னா சரி" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கள் கோல சிலாங்கூரில் மேடே கிடையாது என்பது உறைத்தது. கடலும் வயலும் செம்பனையும் பலகை போல் கிடக்கிற ஊர். இருக்கிற ஒரே மேடு புக்கிட் மெலாவாத்தி. இரண்டு வாரம் அதில் ஏறி ஏறிப் பழகினேன். மூன்றாம் நாளே ஒரு குரங்கு என் பின்பையிலிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பயிற்சிக்குக் கட்டணம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் விடுப்பு எடுத்தோம். அவர் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். காலை ஏழு மணிக்கு அம்பாங் பெச்சாவில் காரை நிறுத்திவிட்டு சைக்கிளை இறக்கினேன். அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். முட்டி வரை இறுக்கிப் பிடிக்கும் கறுப்புக் கால்சட்டை, மஞ்சள் சட்டை, ஹெல்மெட், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. நானும் அதே மாதிரிக் கால்சட்டைதான். ஆனால் மேலே சுடிதார் டாப்ஸ் போட்டு முட்டிவரை மறைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்துப் பேசினோம்.

"மழ வராது போல."

"ஆமா சம்மந்தி, வராது போல."

கிளம்பும்போது அவர் தரையைக் காட்டினார். "இந்த மண்ணுக்குக் கீழ பழைய கோலகுபு டவுனே இருக்காம். அணை உடைஞ்சு வெள்ளம் வந்து மூடிருச்சாம்." அம்பாங் பெச்சா என்ற பெயருக்கே உடைந்த அணை என்றுதான் அர்த்தம். ஒரு ஊர் மேல் சைக்கிள் மிதிக்கிறோமே என்று நான் கொஞ்சம் மெதுவாகவே மிதித்தேன்.

மெதுவாக மிதித்ததற்கு அது மட்டும் காரணமில்லை. சம்பந்தியை முந்திப் போவது மரியாதையா? கோலகுபு பாருவின் கடைவரிசையைத் தாண்டினோம். அணைக்கட்டின் நீர்த்தேக்கம் பச்சையாய் விரிந்தது. ரோடு அதன் ஓரமாய் ஏறத் தொடங்கியது. நான் அவருக்குப் பின்னால் போக வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். நான் இன்னும் குறைத்தேன். அவர் இன்னும். கடைசியில் இரண்டு சைக்கிளும் ஓடுகின்றனவா நிற்கின்றனவா என்றே தெரியவில்லை. ஏற்றத்தில் அப்படி எவ்வளவு நேரம் நிற்க முடியும்? அவர் சைக்கிள் இடப்பக்கம் ஆடியது, என்னுடையது வலப்பக்கம் ஆடியது, நடுவில் ஹேண்டில்பார் சிக்கி, இரண்டு சம்பந்திகளும் அப்படியே ரோட்டோரத்து லாலான் புல்லில் சாய்ந்தோம்.

மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. மலாய்க்காரர் ஒருவர் பதறிப்போய், "மாச்சிக், ஓகே கா?" என்று, அம்மா ஒன்றும் ஆகலையே என்ற அர்த்தத்தில் கேட்டார்.

"ஓகே, ஓகே" என்று புல்லுக்குள்ளிருந்தே இரண்டு கைகள் ஆடின.

அவர் போனதும் சம்பந்தி என்னைப் பார்த்தார். ஹெல்மெட் ஒரு பக்கம் சரிந்து, பொட்டு கன்னத்துக்கு வந்திருந்தது. "உங்களுக்காகத்தான் சம்மந்தி மெதுவாப் போனேன்."

"அய்யோ, நான் உங்களுக்காகத்தான்!"

அவ்வளவுதான். சிரிப்பு பீறிட்டது. எழ முயன்றால் சிரிப்பில் கை வழுக்குகிறது. சம்பந்தி என் தோளைப் பிடித்து எழுந்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து எழுந்தேன், இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு மரியாதை கிடையாது. அவர் முன்னால் பறந்தார். பெருந்துங் மேடும் பள்ளமுமான ஊர், தினமும் ஏறிப் பழகிய கால். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. மூங்கில், மரம் போல் வளர்ந்த பெரணி, எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். வளைவுக்கு வளைவு கிலோமீட்டர் கல். ஒவ்வொரு கல்லிலும் சம்பந்தி நின்று, "வாங்க லா சம்மந்தி, கல்லு ஒங்கள கூப்புடுது!" என்று கத்துவார். மலைக்குள் வாலில்லாக் குரங்குகள் பதிலுக்குக் கத்தின. எது சம்பந்தி, எது குரங்கு என்று ஒரு கட்டத்தில் எனக்கே குழம்பியது. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். ஆறு மாதத்துக்கு முன் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணமே நின்றிருக்கும்.

ஓர் ஓடைப் பாலத்தில் உட்கார்ந்து அவர் கொண்டுவந்த மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றோம். அப்போதுதான் கேட்டேன், "வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "மலைன்னா மகன் விடமாட்டான். அதான்... ஒங்க வீட்டுக்குப் போறேன்னு சொன்னேன்."

"அய்யய்யோ! நான் எங்க வீட்ல, ஒங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிருக்கேன்!"

இரண்டு பேரும் கைப்பேசியை எடுத்துப் பார்த்தோம். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. என் மகள் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் கணவருக்கு ஒரு போன் அடித்தால் போதும், எல்லாம் முடிந்தது. பயப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் சம்பந்தி திடீரென்று துள்ளி எழுந்து பாலத்தில் ஆடத் தொடங்கினார். கெண்டைக்காலில் அட்டை.

"எடுங்க! எடுங்க! எடுங்க சம்மந்தி!"

"நில்லுங்க, ஆடாம நில்லுங்க!"

அவர் நிற்கவில்லை. பாலத்தில் மூன்று சுற்று துரத்தி, காலைப் பிடித்து, மாங்காய் உப்பை அள்ளி அட்டை மேல் அப்பினேன். அட்டை விழுந்தது. உப்போடு மிளகாய்த்தூளும் கலந்திருந்ததை நான் மறந்துவிட்டேன். சம்பந்தி எரிச்சல் தாங்காமல் ஓடையில் இறங்கி நின்றுகொண்டு, "அட்டையே தேவல!" என்று அலறினார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

கேப்பை அடைந்தபோது மணி பதினொன்று. மலை இரண்டாகப் பிளந்து வழி விடும் இடம். மூடிக் கிடக்கும் பழைய ஓய்வு விடுதியைப் பனி சுற்றியிருந்தது. நான் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டு நானும் பக்கத்தில் படுத்தேன். கால் இரண்டும் தனியாக நடுங்கின. கடலும் வயலும் பார்த்தே வளர்ந்த நான், சொந்தக் காலால் மேகத்துக்குள் வந்திருக்கிறேன். அழுகை வரும்போல் இருந்தது, ஆனால் சிரிப்புத்தான் வந்தது. சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் புட்டியை நீட்டினார்.

இறக்கம் பற்றி எப்படிச் சொல்வது? நான்கு மணி நேரம் உயிரைக் கொடுத்து ஏறிய ரோடு, தானே ஓடி வந்து சக்கரத்துக்கு அடியில் நுழைந்தது. காற்று கண்ணில் நீர் வரவழைத்தது. என் சுடிதார் டாப்ஸ் பின்னால் கொடி மாதிரி படபடத்தது. வளைவில் பிரேக், நேரில் விடு, வளைவில் பிரேக், நேரில் விடு. முன்னால் சம்பந்தி "ஊஊஊ" என்றார். நானும் "ஊஊஊ" என்றேன்.

ஒரு வளைவில் எதிரே ஒரு வெள்ளைக் கார் மெதுவாக ஏறி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை. பக்கத்தில் வாயைத் திறந்தபடி என் மகள். நிறுத்த முடியுமா அந்த வேகத்தில்? சம்பந்தி ஒரு கையை எடுத்து ஆட்டிவிட்டுப் போனார். நானும் ஆட்டினேன். "அம்மா!" என்ற கத்தல் பின்னால் தேய்ந்து மறைந்தது. அந்தக் குறுகல் ரோட்டில் காரைத் திருப்ப இடமே கிடையாது. அவர்கள் இன்னும் மேலே போய்த்தான் திரும்பியிருக்க வேண்டும்.

அவர்கள் வந்து சேர்வதற்குள் நாங்கள் கோலகுபு பாருவில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய் தின்று முடித்திருந்தோம். மகள் காரிலிருந்து இறங்கும்போதே ஆரம்பித்தாள். "அப்பாக்குப் போன் அடிச்சா நீ எங்க வீட்ல இருக்கன்றாரு! இங்க அத்தை நம்ம வீட்ல இருக்காங்கன்னு இவரு சொல்றாரு! சுவத்துல சைக்கிள் இல்லன்னு பாத்தப்பறந்தான், அத்தை எப்பவும் சொல்ற இந்த மலை ரோடு இவருக்குத் தோணுச்சு. ரெண்டு பேருக்கும் என்னம்மா வயசு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதம்மா. கூட்டிட்டுப் போனது நானு."

"இல்ல, வர்றேன்னு சொன்னது நானு" என்றேன்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அத்தை, அந்த இறக்கத்துல எவ்ளோ ஸ்பீடு வந்தீங்க?"

மகள் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து, நால்வருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ சொன்னாள்.