முள்ளெடுத்தவளுக்கு மூச்சு முட்டியது

சிற்பத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். கோயிலுக்குப் போனால் நேராகச் சாமி, அடுத்து புளியோதரை, பிறகு செருப்பு. அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி ரயிலில் விருத்தாசலத்துக்குக் கிளப்பிவிட்டவர் கயல்விழி. பழைய சிற்பங்களைப் பற்றி யூடியூபில் ஆவணப்படம் போடுகிறவர்.

ஒன்றரை வருடத்துக்கு முன் வந்த அவருடைய படம் ஒன்றில் ஆளரவமில்லாத ஒரு மண்டபம். தூணில் ஒரு முழ உயரச் சிற்பமாக ஒரு பெண், ஒற்றைக் காலில் நின்று மறு பாதத்தைத் தூக்கி முள் எடுக்கிறாள். கயல்விழியும் செருப்பைக் கழற்றிவிட்டு அதே மாதிரி நின்றார். தள்ளாடிக்கொண்டே, “இவ ராணி இல்லங்க, சாமியும் இல்ல. கால்ல முள்ளு குத்துன ஒருத்தி. வலியில கீழ் உதட்டக் கடிச்சிருக்கா பாருங்க” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், என் உள்ளங்காலில் சுருக்கென்றது. அந்த உதட்டை நேரில் பார்த்தே தீருவது என்று பிடிவாதம் வந்துவிட்டது. மறுபடி அங்கே படமெடுக்கப் போகிறேன், வருகிறவர்கள் வரலாம் என்று அவர் சொன்னதுமே டிக்கெட் போட்டேன்.

பத்து மணிக்கு ஜங்ஷன். பொங்கல், வடை, டீ எண்பது ரூபாய். மண்டபம் வேப்பூர் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோ போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து அறுநூறு.

“முள்ளெடுத்தம்மன் கோயிலுங்களா?” என்றார் ஆட்டோக்காரர்.

“கோயில் இல்லீங்க, பழைய மண்டபம்.”

“அதெல்லாம் அப்போங்க. இப்போ வெள்ளிக்கெழமைன்னா பஸ்ஸு நிக்க எடமில்ல.”

இறங்கிப் பார்த்தால் தகரக் கூரை, ஒலிபெருக்கி, உண்டியல். வாசல் கடையில் அவளைப் போலவே விருத்தாசலம் பீங்கான் பொம்மைகள், எண்பது ரூபாய்க்கு. தலையில் கிரீடம், கையிலிருந்த முள் சூலமாகவே வளர்ந்திருந்தது! உள்ளே இன்னும் மோசம். தூண் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, விரல் கனத்துக்குச் சந்தனம், மஞ்சள் துணி, ஒட்டவைத்த வெள்ளிக் கண்கள். உதட்டை விடுங்கள், மூக்கே எங்கே என்று தெரியவில்லை. அடப்பாவிகளா!

எனக்கு முன்பே வந்திருந்த கயல்விழி பேயறைந்தவர் மாதிரி நின்றார். பூசை பார்க்கும் பூங்கொடியிடம், “அக்கா, இத கொஞ்சம் தொடைக்கலாமா? மொகத்த மட்டும் பாத்துக்கறேன்” என்று கெஞ்சினார்.

“நீங்களே இப்பிடிக் கேக்கலாமாம்மா? மொதமொத திருநீறு பூசுனதே நீங்கதான?” பூங்கொடி போனை நீட்டினார். அதே படம். கயல்விழியின் விரல்கள் சிற்பத்தின் மேல் திருநீற்றைத் தேய்க்கின்றன.

“அது… கேமராவுல செதுக்குன கோடு தெரியறதுக்குங்க…”

எத்தனையோ தடவை பார்த்த படம். என் கண்ணில் அது படவே இல்லை. அவரைப் பார்த்துத்தான் ஊரே பூச ஆரம்பித்திருக்கிறது.

“சரி விடுங்க. வந்தது வந்தீங்க, அந்தக் கதையச் சொல்லுங்க” என்று பூங்கொடி மைக்கைக் கொடுத்தார். நாற்பது பெண்கள் உட்கார்ந்தார்கள். கயல்விழி சொன்னார். இவள் சாமியில்லை, உங்களைப் போல வயலுக்குப் போனவள் என்று ஆரம்பித்து, பழையபடி ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் தூக்கினார். அழுகையில் உடம்பு நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“ஆத்தா வந்துட்டாடீ!”

குலவைச் சத்தம். ஒருத்தி அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பூங்கொடி கற்பூரத் தட்டோடு ஓடிவந்து, “எம் பொண்ணுக்கு எப்ப தாயி கல்யாணம் ஆவும்?” என்றார். கயல்விழி மிரண்டுபோய், “நான் சாமி இல்லக்கா!” என்றார். யார் கேட்டார்கள்?

அவர் ஒரு முறை அந்தத் தூணைப் பார்த்தார். கண்ணை மூடினார். பிறகு வந்தது அவர் குரலே இல்லை.

“மூச்சு முட்டுதுடி… எண்ணெ வேணான்டி… சுடுதண்ணி ஊத்தி என் மூஞ்சியத் தொடைங்கடி… சொரண்டாதீங்கடி!”

அடுத்த நிமிடம் அண்டாவில் வெந்நீர், சீயக்காய், மெல்லிய துணி. ஒரு மணி நேரத்தில் கன்னம் வந்தது, மூக்கு வந்தது. கடைசியாக, கடித்த அந்தக் கீழ் உதடு. வலிக்கிற முகம். அழுதுவிட்டேன், மறைப்பானேன்? பூங்கொடியும் அப்போதுதான் முதல்முறையாக அதைக் கிட்டத்தில் பார்த்தாராம். “அய்ய, பாவம், எம்மாம் நேரமா வலிக்குதோ” என்றார். தன் கேமராவைக் கயல்விழி அணைத்துவிட்டிருந்தார்.

ஜங்ஷன் வரை என் ஆட்டோவில் வந்தார். “நடிச்சீங்களா?” என்று கேட்டே விட்டேன்.

“மொத வார்த்த நான் சொன்னதுங்க. மிச்சம் எனக்கே தெரியல.”

ஒரு கல்லைப் பேசவைப்பது இவ்வளவு ஆபத்தான வேலை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. போகிறவர்கள் காலை வெயிலில் போங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் உதடு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும். எண்ணெய் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பூங்கொடி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறாராம்; அவளுக்கு மூச்சு முட்டுமாம்.