உள்ளே விடாத துணி

அம்பத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேலே, கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அறைகளில் நான் ஃபேஷன் டிசைனிங் படித்தேன். படித்தேன் என்று சொல்லவே இப்போது கூச்சமாக இருக்கிறது. முதல் மூன்று மாதம் வண்ணச் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடித்தோம். அடுத்த மூன்று மாதம் பெண் உருவம் வரைந்தோம். தலையைப்போல ஒன்பது மடங்கு உயரம் இருக்க வேண்டுமாம் உடம்பு. காலையில் எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற பெண்களில் ஏழு தலை தேறுபவளைக் காட்டினால் பெரிய விஷயம். இந்த ஒட்டகச்சிவிங்கிகள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்கவில்லை. தையல் மெஷின் நான்கு இருந்தன. அதில் ஒன்றுதான் ஓடும்.

எங்கள் மேடம் வாயைத் திறந்தால் ‘க்ளீன் ஃபினிஷ்’ என்பார். உடையின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட அழகாக இருக்க வேண்டும், தையலைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் துணி இருக்கக் கூடாது. நம் ஊர் டெய்லர்கள் பிளவுஸ் தைத்தால் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலத் துணியை உள்ளே விட்டு, மூன்று வரிசை தையல் போடுவார்கள். உடம்பு பூசினால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம், பிள்ளை பெற்றால் இன்னொன்றை. டெய்லரிடம் கழுத்து இறக்கம் சொல்ல மறக்கிற பெண்கூட ‘உள்ளே துணி விடுங்க’ என்று சொல்ல மறக்கமாட்டாள். மேடத்துக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒருநாள், நூம்பலிலிருந்து வரும் ஒரு பெண் தன் பிளவுஸ் ஒன்றை மாதிரிக்கு எடுத்து வந்திருந்தாள். மேடம் அதை உள்பக்கமாகத் திருப்பி, ஸ்கேல் முனையில் மாட்டித் தூக்கிக் காட்டினார்.

“இது பிளவுஸா, பஞ்சத்துக்குச் சேர்த்து வெச்ச மூட்டையா?”

வகுப்பே சிரித்தது. நான்தான் அதிகச் சத்தமாகச் சிரித்தேன். அந்தப் பெண் மறுநாளிலிருந்து வரவில்லை. இதற்கெல்லாம் ரோஷப்படுகிறவளுக்கு எதற்கு ஃபேஷன் என்று நினைத்தேன்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். சான்றிதழ் கைக்கு வந்ததும் நான் பிடித்த குடையை எங்கள் ஊர் வெள்ளானூரே பார்த்தது. எங்கள் தெருவுக்குப் பின்னால், ஒரு காலத்தில் அம்மா நாற்று நட்ட நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அங்கே குடிவந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு பால் வாங்குவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன். தெருமுனை டெய்லரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மாவின் அரக்குப் புடவையை ‘பர்கண்டி’ என்று திருத்தினேன்.

“பர்கண்டியா? அது இன்னா, திங்கறதா?” என்றாள் அம்மா.

இவர்களுக்கெல்லாம் எதைச் சொல்லி விளங்கவைப்பது என்று பெருமூச்சு விட்டேன். அன்றைய என்னை இன்று தெருவில் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.

அந்த நேரத்தில்தான் அக்காவின் கல்யாணம் நிச்சயமானது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை. அங்கேயே வேலை செய்கிற ஒருவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று இரண்டு வருடம் பிடிவாதமாக நின்று ஜெயித்தாள். அப்பாவின் அக்காவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, இதில் கடுப்பு. தன் மகனுக்கு அவளைக் கேட்டு வைத்திருந்தார். எங்கே ஒரு ஓட்டை கிடைக்கும், ஊர் வாயில் போடலாம் என்று காத்திருந்த மனுஷி.

முகூர்த்தப் பிளவுஸை அக்கா என்னிடம்தான் கொடுத்தாள். அளவுக்கென்று பழைய ஜாக்கெட் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தாள். அதை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, டேப் வைத்து அளந்தேன்.

“உள்ள துணி வுடுவ இல்ல?” என்றாள்.

“அதெல்லாம் தெருமுனை டெய்லருங்க செய்யறது. இது டிசைனர் பிளவுஸ்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலிருந்து போன் செய்து அதையே கேட்டாள். எரிந்து விழுந்தேன். மூன்றாம் முறை, நான் துணியை வெட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். “ஒரே ஒரு இன்ச்சு வுடேன். உன் படிப்பு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

அவள் கண்ணெதிரிலேயே மிச்சத் துணியைக் கத்தரித்து எறிந்தேன். “பாத்துக்கோ, இதுதான் க்ளீன் ஃபினிஷ்.” அவள் கீழே விழுந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அது அவளுக்கும் மாமாவாகப் போகிறவருக்கும் மட்டும் தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. பிளவுஸ் பற்றாமல் போனால் முதலில் அத்தையின் கண்ணில்தான் படும் என்று அவளுக்குத் தெரியும். ஃபேஷன் படித்த எனக்குத்தான் எதிரில் நிற்கிற உடம்பு தெரியவில்லை.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு சின்ன மண்டபம். காலையில் மணப்பெண் அறையில் நானும் அவளும் மட்டும். பிளவுஸுக்குப் பின்பக்கம் ஹூக் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் சேரவில்லை. நான்கு விரல் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடி என்றேன். மூச்சில் இல்லை விஷயம் என்று அவள் சொன்னாள், பிறகு மீதியையும் சொன்னாள். விலாப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிரிக்க ஒரு நூல் இடமில்லை. உள்பக்கம் மட்டும் வெகு அழகாக இருந்தது.

“இன்னாமே பண்ணிகினு கீறீங்க உள்ள? அய்யர் கூப்டுகினே கீறாரு!” வெளியே அத்தை கதவைத் தட்டினார்.

என் பையில் கலர் கார்டும் மூன்று வகைப் பென்சிலும் இருந்தன. ஊசி இல்லை. அக்கா தன் பையைத் திறந்து ஊசியும், பிளவுஸின் அரக்கு நிறத்திலேயே நூலும், ஒரு சின்னக் கத்தரியும் எடுத்துக் கொடுத்தாள். என்னை நம்பாமல் வாங்கி வைத்திருக்கிறாள். கூரைப்புடவையின் உள்முனையை நீட்டி, “இதுல வெட்டு” என்றாள். கல்யாணப் புடவை ஆயிற்றே என்று கத்தரியைப் பிடித்தபடி தயங்கினேன். அவளே வாங்கி வெட்டினாள்.

அந்தப் பட்டுத் துண்டை முதுகு நடுவில் வைத்து, அவள் உடம்பிலேயே கையால் தைத்தேன். பந்தியில் நாலைந்து பேர் அதைப் புது டிசைன் என்று புகழ்ந்தார்கள். அத்தை தன் மகளுக்கும் அப்படியே வேண்டும் என்றார். பார்க்கத் தெரியாத கூட்டம். அன்றைக்கு மட்டும் அவர்களை எண்ணிச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் கதவைத் திறப்பதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்டிருந்தேன். தைத்துக்கொண்டே, கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

“என்னாண்ட மட்டுமாச்சும் சொல்லிருக்கக் கூடாதா? துணி வுட்டுருப்பேனே.”

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வுட்டுருப்ப. ஆனா எல்லாரையும் பாக்கற மாதிரி என்னையும் பாத்துருப்ப. அத்தையகூட சமாளிச்சிடுவேன். உன் மூஞ்சிய என்னால தாங்க முடியாது.”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைசித் தையலுக்கு முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். அவள் சொன்னது சரி. பார்த்திருப்பேன்.